விரிப்பின் மறுமுனை

என் நாத்தனாரும் நானும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறோம். இந்த முனை எனக்கு, அந்த முனை அவளுக்கு. அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். குறை சொல்ல ஆள் கிடைக்காவிட்டால் வெயிலைத் திட்டுவாள்.

சாப்பாட்டு இடைவேளையில் நான் எதிரே இருக்கும் ஓவியக்கூடத்துக்குள் நுழைந்து, ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவருவேன். "வேலை இல்லாதவங்க பண்ற வேலை அண்ணி இது" என்பாள் அவள். நேற்று அவளையும் வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன்.

சுவரையே அடைத்துக்கொண்டிருந்தது அந்தப் படம். இரண்டு பெண்கள் ஈர விரிப்பு ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். குதிகால் தரையில் ஊன்றியிருக்கிறது, உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. துணியின் விறைப்பு என் தோள்பட்டையில் வலித்தது.

நாத்தனார் வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னடி, உடம்புக்கு முடியலையா?"

"இவ கைய விட்டா அவ மல்லாக்க விழுந்துடுவா அண்ணி" என்றாள் மெதுவாக. "எத்தனை வருஷமா இப்படி விடாம நிக்கிறாளுங்களோ!"

சொல்லும்போதே அவளுடைய இரண்டு கைகளும் அந்தரத்தில் எதையோ பிடித்தபடி உயர்ந்தன. நானும் பழக்கதோஷத்தில் பின்னால் நகர்ந்து என் முனையைப் பிடித்தேன்.

காவலாளி ஓடிவந்தார். "எதையும் தொடக்கூடாதும்மா!"

"நாங்க எதையும் தொடலைங்க" என்றேன். ஆனாலும் இருவருமே கையை இறக்கவில்லை. இறக்கினால் வெளுத்த விரிப்பு தரையில் விழுந்துவிடுமே.