கட்டின்மேல் இரண்டாவது வரி

வண்ணார்பேட்டையில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக மாவுக்கட்டுப் போடுகிறவர் ஹெப்ரான். கையில் அப்படி ஒரு பக்குவம். டாக்டர் எலும்பைச் சேர்த்துப் பிடித்தால் போதும், இவர் சுற்றிய கட்டு ஆறு வாரத்துக்கு அசையாது. அதில் அவருக்குக் கர்வமும் உண்டு, இல்லாமல் என்ன?

அந்தக் கர்வத்தை உடைத்தது சொந்த அத்தை. மணிக்கட்டு முறிந்து வந்தாள். கட்டினார், பிரித்தார், "பாத்தியளா, புதுக் கை மாதிரி" என்று சொல்லி அனுப்பினார். எட்டு மாதத்தில் அடுப்படியில் வழுக்கி, இடுப்பு எலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, அந்தக் கிறிஸ்துமஸைப் பார்க்காமலே போய்விட்டாள். லேசாக விழுந்ததற்கே முறிகிறதென்றால் கையா குற்றவாளி? உடம்பு முழுக்க எலும்பு உளுத்துப்போய்க் கிடக்க, கையை மட்டும் ஒட்டவைத்து அனுப்பியிருக்கிறோம். இப்படி எத்தனை பேரை அனுப்பினோமோ என்று நினைத்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் சித்ரலேகாவிடம் போய் நின்றார். எலும்பு செத்த பொருளல்ல என்றார் டாக்டர். தன்னைத் தானே அரித்துக்கொண்டும், தானே பூசிக்கொண்டும் இருக்கிறது. வயதானால் அரிப்பு மிஞ்சிவிடும், மாத்திரை அதை மட்டுப்படுத்தும். ஹெப்ரான் வாய் பிளந்து கேட்டார். இத்தனை வருஷம் தடவிப் பார்த்த எலும்புக்குள் இப்படி ஒரு கொத்தனார் வேலை ஓயாமல் நடக்கிறதா!

அன்றிலிருந்து, ஐம்பதைத் தாண்டியவர்கள் லேசாக விழுந்து முறித்துக்கொண்டு வந்தால், கட்டின்மேல் இரண்டு வரி எழுதுவார். ஒன்று, பிரிக்கும் தேதி. மற்றது, ‘எலும்பு ஸ்கேன் எடுத்தாச்சா?’ எடுத்துவிட்டு வந்தால்தான் கத்தரியைக் கையில் எடுப்பார்.

சாலோமியக்கா அப்படி மாட்டியவர். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடமொன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். டவுண் பஸ்ஸில் இறங்கும்போது தடுமாறி மணிக்கட்டு போயிற்று.

"ஸ்கேன் சீட்டு எங்கக்கா?"

"மொதல்ல கட்டைப் பிரிங்க தம்பி. உள்ள அரிக்குது."

"எலும்பும்தான் அரிக்குது. போய் எடுத்துட்டு வாங்க."

முனகிக்கொண்டே போய் எடுத்தார். ஸ்கேன் மோசமாகத்தான் இருந்தது. வாரம் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதினார். வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல். எந்தக் கிழமை என்று அக்கா கேட்க, ஹெப்ரான் முந்திக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை போடுங்கக்கா. கோயிலுக்குப் போற நாளு, மறக்காது."

மூன்று மாதம் கழித்து போன் செய்தால், மாத்திரையை நிறுத்தியாயிற்றாம். நெஞ்செரிச்சல் தாங்கவில்லையாம்.

"தண்ணி நெறையக் குடிச்சியளா?"

"என்ன தம்பி கேக்குதிய? விடியக்காலம் நற்கருணைக்குப் போறவ நான். அப்பமும் ரசமும் எடுக்கதுக்கு முன்னால பச்சத்தண்ணி பல்லுல படலாமா? மாத்திரைய மட்டும் அப்படியே முழுங்கிட்டுப் போயிருவேன்."

ஹெப்ரான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் இட்லி தின்றுவிட்டு இரண்டாம் ஆராதனைக்குப் போகிறவர். அந்த நினைப்பில் உளறிவிட்டார். மறுநாளே அக்காவை வரவழைத்து டாக்டரிடம் காட்டினார். எரிச்சல் ஆறியபின் மாத்திரைக் கிழமை திங்களாயிற்று. பிறகு திங்கள் தவறாமல் காலையில் போன்.

"போட்டாச்சாக்கா? தண்ணி?"

"ஒரு செம்பு."

இப்படியே இரண்டரை வருஷம் ஓடியது. போன மாதம் ஒரு மத்தியானம் சாலோமியக்காவை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். கோயில் படியில் கால் இடறி, இடுப்பு அடிபட விழுந்திருந்தார். ஹெப்ரானுக்கு அத்தையின் முகம்தான் கண்ணில் வந்தது. எக்ஸ்ரே அறைக்குள் அக்காவைத் தானே தள்ளிக்கொண்டு போனார்.

படம் திரையில் வந்தது. இடுப்பு எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. "வெறும் சதையடி, வலி மாத்திரை போதும்" என்று டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். ஹெப்ரான் நகரவில்லை. முறிந்த எலும்பை ஆயிரக்கணக்கில் பார்த்தவர், முறியாமல் நின்ற எலும்பை இப்படி நின்று பார்த்ததே இல்லை. திங்கள் திங்களாக ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு மாத்திரையும் உள்ளே போய், யாரும் காணாமல் இவ்வளவு பெரிய வேலையைச் செய்திருக்கிறதே! கண் கலங்கிவிட்டது.

வெளியே சாலோமியக்கா முகம் வெளுத்துக் கிடந்தார்.

"எத்தனை வாரத்துக்குக் கட்டு தம்பி?"

"கட்டே கிடையாதுக்கா," என்று ஹெப்ரான் கையை நீட்டினார். "பைய எந்திரிச்சு நடங்க."