கடலுக்கு வாசல் கிடையாது

ஒரு நீல நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ஏதோ ஒரு டூர் கம்பெனியின் பிரசுரம் அச்சுக்கு வந்திருந்தது. எங்கேயோ வெளிநாட்டுக் கடற்கரை. சின்னப் படகில் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பையோடு. இரண்டு பேர் தண்ணீரில் மல்லாந்து கிடக்கிறார்கள். சிறிய குழுவுக்கு மட்டும், நடுக்கடலில் நிறுத்திக் குளிக்கலாம், குடிப்பதெல்லாம் எங்கள் செலவு என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நீலத்தில் சிவப்பு ஏறியிருப்பதாக முதலாளி சொன்னதால், பெட்டி மாதிரியான அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். முழுக்கக் குறைந்ததும் திரை நிறைய வெறும் தண்ணீர். இங்கே எது தீப்பற்றும்? பற்ற ஒன்றுமில்லை. ஓடிப் போகவும் வழியில்லை. உடனே அண்ணன் ஞாபகம் வந்தது.

அண்ணனுக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் வேலை. அந்த அறைக்கு நாலு வாசல். உள்ளே நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆளுக்கொரு வாசலைக் காட்டிவிடுவார்கள். புகை தெரிந்தால் உன் வாசல் வழியாக ஓடு, யார் கூப்பிட்டாலும் திரும்பாதே, நிற்காதே. இதுதான் பாடம். இந்த வருஷத் தீபாவளி சீசனில் ஆர்டர் ஏறிப் போக, நாலு பேர் அறையில் ஆறு பேரை உட்கார வைத்தார்கள். பற்றியபோது மூன்று பேர் வெளியே வந்தார்கள். மற்ற மூன்று பேர் வரவில்லை.

அண்ணன் வந்தவர்களில் ஒருவன். ஆனால் அவனைக் காணவில்லை. முதுகில் தீக்காயத்தோடு வேலிக்கருவைக் காட்டைத் தாண்டி ஓடியிருக்கிறான். சாயங்காலம் ஒரு கண்மாய்க் கரையில் கண்டுபிடித்தோம். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி: "எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

காயம் ஆறியது. ஓட்டம் நிற்கவில்லை. ஒருநாள் மதினி அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கூடத்துப் பாயில் அவர்கள் பெண் குழந்தை கிடந்தது. அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தது. குக்கர் சீறியதும் அண்ணன் எழுந்து ஓடிவிட்டான். தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடிப் போய் அங்கே நின்றபிறகுதான் பாப்பா உள்ளே கிடப்பது உறைத்திருக்கிறது. வீட்டில் ஒன்றும் ஆகவில்லை, சோறு வெந்திருந்தது, அவ்வளவுதான். மதினி குக்கரைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுப் பானையில் வடிக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அண்ணன் பாப்பாவைத் தூக்குவதில்லை. யாராவது கையில் கொடுத்தால், "கை அழுக்கா இருக்கு" என்பான். படுப்பது தெருவில் கயிற்றுக் கட்டிலில்.

தீபாவளி முடிந்து கம்பெனிகளைப் பூட்டியிருந்த நாட்கள் அவை. அச்சகத்தில் நீலத்தைச் சரிசெய்த அன்றே அண்ணனிடம் பேசினேன்.

"கடலுக்குப் போவோம்ணே. வள்ளத்தை வாடகைக்குப் புடிச்சு நடுக்கடல்ல குளிப்போம்."

"எதுக்கு?"

"சும்மாதான். தண்ணியில எது பத்தும்? அங்கன வாசலும் கெடையாது, ஓட வேண்டியதும் இல்லை."

"எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"அப்பச் சரி" என்றான்.

மற்ற இருவர் அவன் கம்பெனிக் கூட்டாளிகள், வேறு அறைக்காரர்கள். ஒருவர் பெரிய மீசை வைத்தவர், அதிகம் பேசமாட்டார். இன்னொருவர் வாய் ஓயாதவர். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இரண்டு பைக்கில் சாத்தூர் வழியாக வேம்பார்ப் பக்கம் கிளம்பினோம். வழியில் கடை திறக்கும்வரை காத்திருந்து வாயாடி ஒரு பாட்டில் பிராந்தி வாங்கினார். அண்ணன் குடிப்பதில்லை என்பதால் நான் பன்னீர் சோடா வாங்கிக்கொண்டேன்.

வள்ளக்காரருக்கு நாங்கள் கேட்டது புரியவே நேரமாயிற்று.

"மீன் புடிக்கவா?"

"இல்ல அண்ணாச்சி, குளிக்க."

"குளிக்க எதுக்கு நடுக்கடலு? கரையிலேயே குளிங்க. சுனாமிக்கு அப்புறம் இங்க குளிக்கன்னு எவனும் வாரதில்ல." அப்புறம் வாடகையைக் கேட்டதும் தணிந்தார். "எதிர்க்க இருக்க தீவுல எறங்க பாரஸ்ட்காரங்க விடமாட்டாங்க. அதுக்கு இந்தப் பக்கம் ஒரு மணல்திட்டு கெடக்கு, நெஞ்சளவுதான் தண்ணி. அங்க விடுதேன். வாடைக் காத்து ஏறுறதுக்குள்ள திரும்பிரணும்."

ஏறும்போது அண்ணன் வள்ளத்தின் விளிம்பில் உள்ளங்கையைப் பதித்துத் தொட்டான். கூட்டாளிகளும் அதேபோல் தொட்டார்கள். கோயிலில் கும்பிடுகிற மாதிரி இருந்தது, ஆனால் கும்பிடு இல்லை. மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கை தானாகப் போய்விட்டது.

உட்கார்ந்ததும் அப்படித்தான். நடுப்பலகையை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக விளிம்பில் வெளியே பார்த்து உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் கடலுக்கும் நடுவில் இன்னொருவர் இல்லை.

"நடுவுல உக்காருங்கப்பா, வள்ளம் சாயுது" என்றார் வள்ளக்காரர்.

யாரும் நகரவில்லை. அண்ணன் என் காதில், "அஞ்சு பேரு இருக்கோம்லே" என்றான்.

"அவரு வள்ளக்காரருண்ணே. அவரைச் சேக்கக் கூடாது."

"ஆளுன்னா ஆளுதான்."

வாயாடி திரும்பிச் சிரித்தார். "ஏலே, பேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தா அண்ணாச்சியத் தண்ணிக்குள்ள ஒளிச்சு வச்சுருவோம். சீசன்ல நம்மள ஒளிச்ச மாதிரி."

எல்லாரும் சிரித்தோம், அண்ணனும்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவை.

வள்ளக்காரர் கழியால் ஊன்றி ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் எஞ்சினைக் கிளப்பினார். மண்ணெண்ணெய் எஞ்சின். எதிர்க்காற்று, அதனால் புகை பின்னால் போய்விட்டது. நான் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டபடி வந்தேன். முதலில் பெட்ரோலில் ஓடவிட்டு அப்புறம் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும், ஆறிப்போனால் கிளப்பும்போது புகை தள்ளும், சில சமயம் டப்பென்று ஒரு சத்தம் கொடுக்கும் என்றெல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டேன். எனக்கு அதெல்லாம் எஞ்சின் பற்றிய சேதி. அதை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

மணல்திட்டில் தண்ணீர் பிரசுரத்தில் இருந்த மாதிரி இல்லை. பச்சையும் சாம்பலுமாக, மேலே பாசி மிதந்தது. ஆனால் சூடாக, இதமாக இருந்தது. மீன் போடுகிற ஐஸ் பெட்டியில் பாட்டில்களை வைத்திருந்ததால் பிராந்திக்கும் பன்னீர் சோடாவுக்கும் ஒரே கவிச்சி.

"மீனும் சரக்கும் ஒரே கிளாஸ்ல. வெளிநாட்டுக்காரனுக்குக் கெடைக்குமா இது?" என்றார் வாயாடி. மீசைக்காரர் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு நெஞ்சளவுத் தண்ணீரில் கண்ணை மூடி நின்றார்.

அண்ணன் சட்டையைக் கழற்றவில்லை. முதுகில் புதுத்தோல் இன்னும் ரோஸ் நிறமாக இருப்பதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பான். சட்டையோடு இறங்கி, மூழ்கி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிணறுகளில் சின்ன வயதில் கற்ற அதே நீச்சலை, கையால் தண்ணீரை அடித்து அடித்து, சுற்றிச் சுற்றி நீந்தினான். பிறகு வள்ளத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தான்.

"நல்லாத்தான்லே இருக்கு" என்றான். "அடுத்த வருசம் பாப்பா நடக்கும். கூட்டியாரலாம்."

பலித்துவிட்டது என்று நினைத்தேன். மனசுக்குள் அடுத்த வருஷத்துக்கு வேனே பிடித்துவிட்டேன்.

காற்று மாறியது. வள்ளக்காரர் எல்லாரையும் ஏறச் சொல்லி, திட்டை விட்டு ஆழத்துக்குத் தள்ளி, கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் டப்பென்று ஒரு சத்தம். கூடவே வெள்ளைப் புகை. இந்தத் தடவை காற்று பின்னாலிருந்து வீசியதால் அது அப்படியே எங்கள் மேல் கவிந்தது.

நான் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தபோது முன்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் காணவில்லை. ஆளுக்கொரு பக்கமாகக் குதித்துவிட்டார்கள். வள்ளம் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. வள்ளக்காரர் கயிறும் கையுமாக, நான் சோடா பாட்டிலும் கையுமாக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வாயாடி தலையைத் தூக்கினார். "வெடிக்கலையா? அப்ப எதுக்குலே குதிச்சோம்?" என்றபடி நீந்திவந்து விளிம்பைப் பிடித்தார். மீசைக்காரருக்கு நீச்சல் தெரியாது. வள்ளத்திலிருந்து தொங்கிய கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குடித்ததையெல்லாம் கடலில் வாந்தி எடுத்தார். இருவரையும் இழுத்துப் போட்டோம்.

அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி நீந்திக்கொண்டிருந்தான். கரைப்பக்கம் இல்லை, கிழக்கே.

"எங்க போறான் இவன்?" என்றார் வள்ளக்காரர். "வள்ளம் இங்கன இருக்கு, கரை அங்கன இருக்கு. நடுக்கடலுக்கு எதுக்குப் போறான்?"

அவர் மறுபடி கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பிப் பின்னாலேயே விரட்டினார். நெருங்க நெருங்க அண்ணன் வேகமாகத் தண்ணீரை அடித்தான். நான் "அண்ணே, அண்ணே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த அவன் தலை அலைக்குள் போய்ப் போய் வந்தது. கிணற்று நீச்சல் அது, பத்து வீச்சுக்கு மேல் தாங்காது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பின்னால் சத்தம், புகை, யாரோ கூப்பிடுகிறார்கள். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் முழுவதையும் நாங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நடத்திக்கொண்டிருந்தோம்.

"எஞ்சினை அணைங்க அண்ணாச்சி."

"அணைச்சா எப்படிப் புடிக்கது?"

"அணைங்க. பின்னாடி போகாதீக. சுத்தி முன்னாடி போவோம். அவன் திரும்ப மாட்டான்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அணைத்தார். துடுப்பு ஒன்றுதான் இருந்தது. வாயாடி ஒரு பலகையைப் பிடுங்கி மறுபக்கம் தள்ள, பேச்சே இல்லாமல் அகலமாக ஒரு வளையம் போட்டு அவனுக்கு எதிரே போய் நின்றோம். அந்த நேரத்துக்குள் அவன் தலை இரண்டு தடவை காணாமல் போனது. இரண்டாவது தடவை வெகுநேரம் வரவில்லை. மீசைக்காரர் சத்தமில்லாமல் அழுதார். பிறகு அவன் நேராக வந்து வள்ளத்தில் முட்டினான். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினோம்.

தண்ணீரைக் கக்கி முடித்ததும் கேட்டான்: "எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சுண்ணே."

நம்பவில்லை. விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினான். வள்ளக்காரரையும் சேர்த்து எண்ணினான். அஞ்சு. திருப்பி ஒருதரம் எண்ணினான். அப்புறம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மற்ற மூன்று பேரின் பெயர்களை மெதுவாகச் சொன்னான். கம்பெனி அறையிலிருந்து வராத மூன்று பேர்.

எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வாடை பக்கவாட்டில் அடிக்க, ஒரு துடுப்பும் ஒரு பலகையுமாகக் கரை சேர்ந்தபோது என் உள்ளங்கையில் தோல் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே வந்த வள்ளக்காரர், பாதிவழியில் மீசைக்காரர் மருந்து அறையில் நடந்ததைச் சொன்னபிறகு தானும் துடுப்புக்குக் கை கொடுத்தார். இறங்கும்போது அண்ணன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உப்புப் பட்டு அங்கங்கே ரத்தம் கசிந்தது.

வீட்டில் மதினி தேங்காய் எண்ணெய் போட்டுச் சட்டையை ஊறவைத்துப் பிரித்தாள். நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். "தண்ணிக்குள்ளயும் ஓடுறாகளா" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் அண்ணன் யாரோடும் பேசவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. இனி ஒன்றும் செய்யக் கூடாது என்று நானும் அச்சகத்தில் தலையைக் குனிந்துகொண்டு கிடந்தேன்.

நேற்று அவனே கட்டிலில் இடம் விட்டு உட்காரச் சொன்னான்.

"அந்த அண்ணாச்சி எஞ்சினைக் கரையில வச்சுக் கெளப்புவாரா?"

"எதுக்குண்ணே?"

"இடுப்பளவுத் தண்ணியில நிக்கேன். வள்ளத்தை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிடுதேன். அவரு கெளப்பட்டும். எம்புட்டு நேரம் நிக்க முடியுதுன்னு பாப்போம்." வீட்டு வாசல் பக்கம் பார்த்துச் சொன்னான்: "கம்பெனிக்குத் திரும்பப் போறேனோ, போகலையோ. பாப்பாவத் தூக்கணும்லே."

கம்பெனிக்குப் போகக் கூடாது என்று எனக்கு ஆசை. அதை இப்போது பேசவில்லை.

இன்று காலை அச்சகத்துப் போனிலிருந்து வள்ளக்காரரைக் கூப்பிட்டேன். "வாங்க. சரக்கு கிரக்குன்னு ஏதாவது கொண்டாந்தீங்கன்னா திருப்பி அனுப்பிருவேன்" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். வள்ளத்தின் பின்பக்கம் கடலைப் பார்த்திருக்கும், எஞ்சின் அங்கே. அண்ணன் முன்பக்க விளிம்பைக் கைகளைப் பின்னால் கொடுத்துப் பிடித்தபடி கரையைப் பார்த்து நிற்பான். நான் அவனுக்கு எதிரே முழங்கால் தண்ணீரில் நிற்பேன். இந்தத் தடவை பாப்பா வேண்டாம் என்று அவன் சொன்னான். நாங்களும் வாரோம் என்று மதினி சொல்லிவிட்டாள். எனக்குப் பின்னால், ஈர மணலில், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நிற்பாள். முதலில் சத்தம் மட்டும். அவன் தாங்கினால் புகை. தாங்க முடியாமல் கையை விட்டு ஓடினான் என்றால், எங்களைப் பார்த்துத்தான் ஓடிவர வேண்டும்.