ஆரஞ்சு மேல்சட்டை

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து மலைக்காட்டில் மான்வேட்டை தொடங்கும் சனிக்கிழமை காலையில் வெடிச்சத்தம் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வருஷம் நடீனைப் பயமுறுத்தியதே அதுதான். நாற்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷ உழைப்பு. பயந்தாங்கொள்ளி என்று அவளை எவரும் சொன்னதில்லை.

வசந்தத்தில் புருஷன் டெல்பர்ட் அவள் மணிக்கட்டை முறித்தான். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இனி அவளிடமிருந்து நூறடி தள்ளியே நிற்க வேண்டும் என்றார்கள். படுபாவி எங்கே போனான்? வேலிக்கு அந்தப் பக்கம், தன் அண்ணன் நிலத்துக்கே போய்விட்டான். போகும்போது அவள் அப்பாவின் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு போனான்.

புதன்கிழமை வேலிக்கு அப்பாலிருந்து, நூறடி கணக்குப் பிசகாமல் நின்று கத்தினான்.

"சனிக்கிழமை ஓக் மரத்துப் பரண்லதான் உக்காரப் போறேன். உன் கோழிங்கெல்லாம் சௌக்கியமா?"

அந்தப் பரணிலிருந்து பார்த்தால் அவள் கோழிக்கூடு நேராகத் தெரியும். அன்றே ட்ரெவரிடம் ஓடினாள். அவள் சித்தி மகன், ஷெரீஃப் ஆபீசில் போலீஸ்காரன்.

"டேய், பொண்டாட்டிய அடிச்சுத் தண்டனை வாங்கினவன் துப்பாக்கியே வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல? போய்ப் புடுங்குடா!"

"அது வாஷிங்டன்ல மத்திய அரசு போட்ட சட்டம்க்கா. நம்ம மாநிலத்துல அப்படிக் கிடையாது. அவங்க துப்பாக்கிச் சட்டத்துக்கு நாங்க கை குடுத்தா எங்க ஆபீசுக்கு அம்பதாயிரம் டாலர் அபராதம்னு மாநிலச் சட்டமே இருக்கு. மத்திய அரசு ஆளுங்களுக்குப் போன் போடு."

"போட்டேன். பேரை எழுதிக்கிட்டாங்க. சனிக்கிழமைக்குள்ள வருவாங்களாடா?"

ட்ரெவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். "அக்கா, கோவிச்சுக்காத. இந்த அபராதச் சட்டம் வரணும்னு கூட்டம் போட்டாங்களே, அன்னிக்கு ஊருக்கே பீச் பழப் பலகாரம் சுட்டுக் கொண்டாந்தது யாரு?"

அவள்தான். அரசியல் சட்டம் மாநிலத்துக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது, நம் வாசலை நாமே காத்துக்கொள்வோம் என்று மேடையில் ஒருவர் முழங்கியபோது உள்ளங்கை சிவக்கக் கைதட்டினாள். வாஷிங்டன்காரன் வந்து அப்பாவின் துப்பாக்கியைப் பிடுங்கிப் போய்விடுவான் என்று அப்போது பயம். பக்கத்து நாற்காலியில் டெல்பர்ட் இரண்டு துண்டு பலகாரத்தை வழித்துத் தின்றான். இதற்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

"உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுக்கா," என்றான் ட்ரெவர்.

"என் வீட்ட விட்டு நான் எதுக்குடா ஓடணும்?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வீறாப்பு வெள்ளிக்கிழமை வரை தாங்கியது.

சனிக்கிழமை பொழுது விடிந்ததுமே வெடிகள் தொடங்கின. கிழக்கே ஒன்று, ஓடைப் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. ஒன்பது மணிக்குக் கோழிகள் பசியில் கூப்பாடு போட்டன. எத்தனை நேரம்தான் பொறுப்பது? பழுப்புக் கோட்டுக்கு மேல் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டினாள். மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடாதிருக்க, அந்த நாளில் வெளியே கால் வைப்பவர்கள் எல்லாரும் போடுவதுதான்.

தீவனத்தை இறைத்துவிட்டு நிமிர்ந்தாள். வேலிக்கு அப்பால், ஓக் மரத்துப் பரணில் ஆரஞ்சாக ஒருவன்.

அவன் கையை உயர்த்தினான்.

அந்த ஊரில் ஒருவர் கை உயர்த்தினால் எதிரில் இருப்பவரும் உயர்த்துவார். பகையாளியானாலும் உயர்த்துவார். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். ஐயோ, நடீனின் கை தானாக மேலே போய்விட்டது.

பரணில் அவன் கை இறங்கியது. மடியில் கிடந்ததை எடுத்தான்.

அவள் பக்கத்துப் புதருக்குள் தரையோடு தரையாகக் குப்புற விழுந்தாள். மேல்சட்டையின் ஜிப்பைத் தேடினாள். இதைக் கழற்றினால் புதருக்குள் ஒரு பழுப்பு அசைவு, காட்டில் இருக்கும் எவனுக்கும் அவள் மான்தான். கழற்றாவிட்டால் ஆரஞ்சு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், அவன் ஒருவன் போதும்.

கழற்றினாள்.