அக்காவின் ஆய்வும் அத்தானின் சம்மதமும்

எங்கள் அக்கா ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள். வருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவருக்குத் தமிழில் பதில் சொல்வதா, ஊர் மொழியில் சொல்வதா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுவாள். இங்குள்ளவர்கள் பேசுவதை நாங்கள் ஊர் மொழி என்றுதான் சொல்வோம். பத்துக்கு ஒன்பது முறை அவள் கணிப்பு சரியாக இருக்கும். மீதி ஒன்றில் தப்பு வந்தவர் மேல்தான் என்பாள். இந்தத் திறமை வீணாகிறதே என்று யார் ஏற்றிவிட்டார்களோ, நாற்பத்து நான்காவது வயதில் பல்கலைக்கழக மாலை வகுப்பில் சேர்ந்து மொழியியல் படிக்க ஆரம்பித்தாள்.

படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதன்பிறகு அவளோடு பேசுவதே பெரும்பாடாகிவிட்டது. போனில் நான் என் மாமியார் செய்த அநியாயத்தை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். "இரு இரு, இப்ப நடுவுல மொழி மாறினியே, ஏன் மாறின?" என்பாள். மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

இரண்டு மொழி புழங்கும் வீட்டில் யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதுதான் கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. வீடு தேடி அலையவில்லை, சொந்த வீடே இருந்தது. அத்தான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். பதினாறு வயது மகள் அம்மாவிடம் ஊர் மொழியிலும் அப்பாவிடம் தமிழிலும் சண்டை போடுபவள். சாப்பாட்டு மேசையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பேச்சைப் பதிவு செய்வதாக ஏற்பாடு. பல்கலைக்கழகத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. பதிவாகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு அதை எழுத்தில் கொடுத்துப் பேசியவர்களைப் படிக்கச் சொல்லி, சாட்சி முன்னால் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். மாட்டேன் என்றால் பதிவை அழித்துவிட வேண்டும்.

முன்கூட்டியே சொன்னதுதான் வினையாகப் போயிற்று. கருவியைக் கண்டதும் அத்தான் மேடையேறிவிட்டார். "மகளே, அந்தத் தண்ணீர்க் குவளையைச் சற்று இப்படி நகர்த்துகிறாயா?" என்றார். "நகர்த்துகிறேன் தந்தையே" என்றாள் அவள். மூன்று வாரம் இதே கூத்து. "நாடகம் போடாம சாப்பிடுங்களேன்!" என்று அக்கா கத்தியது ஒன்றுதான் அதுவரை பதிவானதில் உருப்படியான பேச்சு.

நான்காவது வாரம் கடவுள் கண்ணைத் திறந்தார். அத்தானுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று, கூட்டிப்போக வருகிறேன் என்று சொன்ன அக்கா, நூலகத்தில் உட்கார்ந்து மறந்தே போனாள். வீங்கிய கன்னத்தோடு அவர் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். மறுநாள் மதியச் சாப்பாட்டில் சண்டை வெடித்தது. கருவி ஓடுவதை ஒருவரும் நினைக்கவில்லை. நாற்பது நிமிடம், இரண்டு மொழியும் கலந்து, தங்கமான பதிவு.

"இதை வச்சுத்தான் நான் பாஸாகணும். வேற எதுவுமே தேறல" என்றாள் என்னிடம். அத்தான் மாட்டேன் என்றால் ஒரு வருட உழைப்பும் போச்சு.

சாட்சி நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லிஃப்டின் வயரிங் படத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் நேரம், மொழி, தமிழில் பொருள் எல்லாம் அக்கா குறித்திருந்தாள். மேசைக்கு அடியில் என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். நானா பரீட்சை எழுதினேன்?

ஓர் இடத்தில் விரல் நின்றது. 'இந்த வயசுல யாருக்காக இந்தப் படிப்பு?' என்று அத்தான் கேட்டிருந்தார். அக்கா அவருக்குப் பதில் சொல்லாமல் மகள் பக்கம் திரும்பி ஊர் மொழியில் ஏதோ சொல்லியிருந்தாள். பொருள் பக்கத்திலேயே இருந்தது: 'அவரை விடு. அவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.'

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "கோவத்துல சொன்னதுங்க. அந்த வரிய எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்? அது எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது" என்றார் அத்தான். "தப்பு அங்க இல்ல, இங்க இருக்கு."

முதல் பக்கத்துக்குத் திருப்பினார். வீட்டில் யாருக்கு எத்தனை மொழி தெரியும் என்று ஒரு பட்டியல். அக்காவுக்கு இரண்டு, மகளுக்கு இரண்டு, அத்தானுக்கு ஒன்று.

"நீங்க ஊர் மொழி பேசி நான் பார்த்ததே இல்லையே!" என்றாள் அக்கா.

"பேசமாட்டேன். ஆனா புரியும். பதினெட்டு வருஷமா லிஃப்டுக்குள்ள நிக்கிறேன். இவனுக்கு எங்க புரியப்போகுதுன்னு அவங்கவங்க வீட்டு வண்டவாளத்தையெல்லாம் என் முன்னாலயே பேசிட்டுப் போறாங்க. நீயும் பாப்பாவும் அப்படித்தான்."

கேட்டால் புரியும், ஆனால் பேசமாட்டார்கள் என்ற வகை மனிதர்களைப் பற்றி அக்கா அதே ஆய்வில் தனி அத்தியாயமே எழுதியிருந்தாள். அப்படி ஒருவர்கூட அகப்படவில்லை என்று அதன் முடிவில் வருத்தம் வேறு பட்டிருந்தாள்.

"அப்ப ஏன் ஒரு நாள்கூட வாயத் தெறக்கல?"

"தெறந்தேன். பாப்பா ஒண்ணாங் கிளாஸ் படிக்கிறப்ப அவ டீச்சர்கிட்ட பேசினேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. அக்காவுக்கு அப்படி ஒன்று நடந்ததே ஞாபகமில்லை என்பது அவள் விழித்த விழிப்பிலேயே தெரிந்தது. எனக்கு அவளை அடிக்கலாம்போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். சாட்சிக்கு அந்த உரிமை கிடையாது.

அக்கா பேனாவை எடுத்து, 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு 'இரண்டு' என்று எழுதினாள். அந்த ஓர் எண் மாறினால் எல்லாப் பக்கமும் மாறும், முதலிலிருந்து எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு, கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அவர் முகத்தைப் பார்த்து ஊர் மொழியில் பேசினாள். தன் மேல் கோபமா என்று கேட்டாள்.

அத்தான் தமிழில் பதில் சொன்னார்.

"ரொம்ப நாளா இருந்துச்சு. பேனாவக் குடு."