குலுக்கலில் விழுந்த கிடா

நேற்று சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்ட பெண், அரிசிப் பையோடு ஒரு கூப்பனையும் நீட்டினாள். "பேர் எழுதி டப்பாவுல போடுங்க மேடம், ஸ்கூட்டர் விழும்" என்றாள். நான் அதை வாங்கி மோந்து பார்த்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டுமே! குலுக்கல் சீட்டு என்றால் எனக்கு மிளகு வாசம் அடிக்க வேண்டும்.

கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடத்தில்தான் எனக்கு முதல் வேலை. திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவள், குளிருக்கும் அட்டைக்கும் பயந்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருப்பேன். சத்துணவு சமைக்கிற பழனியம்மாக்காதான் அடுப்போரம் உட்காரவைத்து சுக்குத்தண்ணி கொடுப்பாள். "ஏன் கண்ணு அழுவுறீங்க? மலை என்ன உங்களத் தின்னுபுடுமா?" என்பாள்.

அந்த அக்காவுக்குச் சோற்றுப் பானையை இறக்கினால் மூச்சு வாங்கும். பிறகு உட்கார்ந்து எழுந்தாலே வாங்கியது. இருதயத்தில் வால்வு கெட்டுவிட்டதாம். ஆபரேஷன் காப்பீட்டில் நடந்துவிடும். வண்டிக்கும், வெளியே வாங்கும் மருந்துக்கும், கூட இருக்கிறவர் சோற்றுக்கும் காசு வேண்டும். புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான் இடம். அவ்வளவு நாள் தாங்காது என்று டாக்டர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

எங்கள் ஊர் சர்ச் பண்டிகையில் குலுக்கல் நடத்தியே கூரை போட்டிருக்கிறோம். அந்தப் புத்தியை இங்கே காட்டினேன். "லாட்டரி கீட்டரின்னு எவனாச்சும் சொன்னான்னா, ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான் டீச்சர்" என்று எச்.எம். நடுங்கினார். நான் கேட்டால்தானே! சேந்தமங்கலத்தில் பரிசுக்கு ஒரு கருப்புக் கிடா வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவு முழுக்க அது என் சேலையை நனைக்க நனைக்க மேலே கொண்டுவந்தேன்.

சீட்டு விற்கப் போனால் காசுக்குப் பதில் ஆழாக்கு மிளகு கொடுத்தார்கள். மிளகும் சீட்டும் ஒரே பையில் கிடந்தன. ஆனால் ஒரு வீட்டில்கூட இரண்டாவது சீட்டு வாங்கவில்லை. "ஒண்ணு போதுங்க டீச்சர். ரெண்டாந்தடவ கேக்கக் கூடாதுங்க." யாரிடம் கேட்கக்கூடாது என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை, கஞ்சப் பிசுனாறிகள் என்று மனசுக்குள் திட்டினேன். பழனியம்மாக்காவும் மிளகோடு வந்தாள்.

"உங்களுக்காகத்தானே விக்கேன், நீங்க எதுக்குக்கா?" என்றேன்.

"எம்பேரு இல்லாமயா? போடோணுமுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானம் சேறாகிவிட்டது. அதனால் குலுக்கலைக் கோயில் வாசலில் வைத்துக்கொண்டேன். புதுப்பானை, மடித்த சீட்டு, கண்ணை மூடி எடுக்க ஒரு சின்னப் பெண், பக்கத்தில் கிடா. எல்லாம் என் ஏற்பாடு. பக்கத்துக் குண்டூர் நாட்டுக் காளியப்பன் பேர் வந்தது. கைதட்டினேன். நான் ஒருத்திதான் தட்டினேன். ஊர் முழுக்க அக்காவையே பார்த்தது. அவள் எழுந்து, வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, வீட்டுக்குப் போய்விட்டாள்.

எச்.எம். சொல்லித்தான் விளங்கியது. அந்த மலையில் பெரிய காரியம் என்றால் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலமாக மடித்துப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வந்ததுதான் சாமி வாக்கு. நான் அதே வாசலில் ஊரைக் கூட்டி, பழனியம்மா பிழைப்பாளா என்று கேட்டுவிட்டேன். சாமி வேறு பேரை எடுத்துவிட்டது.

திங்களும் செவ்வாயும் அவள் வீட்டிலேயே கிடந்தேன். "அது வெறும் ஆட்டுக்குக்கா, ஆட்டுக்கு!" என்று கத்தினேன். அழுதேன். காலில் விழுந்தேன். "சாமி எம்பேர எடுக்கலீங்களே" என்பாள், அவ்வளவுதான். செவ்வாய் சாயங்காலம் எல்லாச் சீட்டிலும் 'போ' என்றே எழுதி, இன்னொரு பானையோடு போனேன். வேதம் படித்து வளர்ந்தவள் செய்கிற வேலையா அது! பானையைப் பார்த்ததும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ரெண்டாந்தடவ கேக்கக் கூடாதுங்க கண்ணு."

அப்போதுதான் காளியப்பன் கிடாவை ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றார். "வாக்கு எம்பேருக்குத்தான வந்துச்சு? அப்ப நாந்தான சொல்லோணும். சொல்றேன், போயிட்டு வா புள்ள."

அவள் கிடாவை வெகுநேரம் பார்த்தாள். "நான் வார வரைக்கும் இத வெட்டக் கூடாது."

"வெட்டமாட்டேன்."

புதன்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினோம். அடிவாரம் வரை அக்கா என் கையை விடவே இல்லை. ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் இறந்துவிட்டாள். நானே இழுத்துக்கொண்டு போய்க் கொன்றேனோ, அந்த இரண்டு நாள் தாமதம் கொன்றதோ, ஐயோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மீந்த மிளகை யாரும் திரும்ப வாங்கவில்லை.

காளியப்பன் கிடாவை வெட்டவில்லை. நோன்புத் திருவிழாவுக்குக் கேட்டார்கள், வியாபாரி கேட்டான். "அந்தப் புள்ள இன்னும் வரலீங்களே" என்பாராம். நான் மாற்றலாகிக் கீழே வந்து வருடங்கள் ஓடிவிட்டன. அந்தப் பள்ளியில் அவள் அடுப்பு இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் அறை. போன மாதம் காளியப்பனிடமிருந்து போன்.

"கெடா செத்துப்போச்சுங்க டீச்சர். கெழடு தட்டிப்போச்சு. காட்டுலயே பொதச்சுட்டேன்." பிறகு கேட்டார்: "அந்தப் புள்ள வந்து கேட்டா, நான் என்னங்க சொல்லுவேன்?"