போட்டோ இல்லாத நினைவுச் சாப்பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, அருள்வாக்கு எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை. திருவண்ணாமலையில் வளர்ந்தால் தெருவுக்கு ஒரு சித்தர் கதையைக் கேட்டுத்தான் வளர வேண்டும், நானும் கேட்டிருக்கிறேன், கேட்டுவிட்டு ஹோம்வொர்க் எழுதப் போய்விடுவேன். படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒன்று நடந்தால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது என் பழக்கம். கடைசியில் மிஞ்சுவதுதான் காரணம். இந்த ஒரு விஷயத்தில் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன், எதுவும் மிஞ்சவில்லை. இன்னொன்று, இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல், சாப்பாட்டு நேரம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

வேங்கிக்கால் தாண்டி ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அம்மா அப்பா இல்லாத பிள்ளைகளும், இருந்தும் வைத்துக்கொள்ள முடியாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் விவரங்களை அரசு இணையதளத்தில் ஏற்றுவது, அவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது, மக்கர் செய்யும் பிரிண்டரைத் தட்டிக்கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு.

இந்த மாதிரி இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். வீட்டில் யாராவது இறந்துபோனால் அவர்களுடைய திதி நாளில் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவார்கள். கோயில் ஊர் என்பதால் எங்களுக்குச் சென்னை, பெங்களூர் ஆட்களெல்லாம் பதிவு செய்வார்கள். இறந்தவருடைய போட்டோவை சாப்பாட்டு ஹாலில் வைத்து, பெயரைச் சொல்லி, பிள்ளைகள் எல்லோரும் கண்ணை மூடி அவருக்காக வேண்டிக்கொண்டு, அதன் பிறகுதான் இலையில் கை வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே என்பதால் மத்தியானம் எல்லோரும் இங்கே வந்துதான் சாப்பிடுவார்கள், பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. வடை பாயாசத்தோடு வந்தால் “இன்னிக்குச் செத்தவங்க ரொம்ப நல்லவங்கடி” என்பார்கள். வெறும் சாம்பார் சாதம் என்றால் “இவங்க சுமாரு.”

நான் சேர்ந்தபோது அந்தப் போட்டோவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்து மாலை போடுவார்கள். பாதிப் பேர் வாட்ஸப்பில்தான் படம் அனுப்புகிறார்கள், அதைப் பிரிண்ட் எடுத்தால் மூக்கும் முழியும் கலங்கிப்போகிறது, ஒருமுறை காற்றில் பறந்து ரசவாளியில் விழுந்தது. யாரோ கொடுத்த பெரிய டிவி ஒன்று சும்மா கிடந்தது. அதை ஹாலில் மாட்டி, படமும் பெயரும் ‘நினைவாக’ என்ற வரியும் பெரிதாகத் தெரிகிற மாதிரி செய்துகொடுத்தேன், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நந்தினி அப்போது ஏழாம் வகுப்பு. தங்கை தர்ஷினி ஒன்றாம் வகுப்பு. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா அமுதா காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் இறந்தபோது நந்தினி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் இரண்டு பேரையும் வேறொரு வீட்டில் உட்கார வைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டிப் போயிருக்கிறார்கள். அப்பா கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனார். முதலில் போன் வந்துகொண்டிருந்தது, பிறகு இல்லை.

அந்த ஆடி மாதம் நந்தினி மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினாள். அடம் எதுவும் இல்லை. வரிசையில் உட்காருவாள், வேண்டிக்கொள்வாள், இலையை மூடிவிட்டு எழுந்து போவாள். காலையில் சாப்பிடுவாள், ராத்திரியும் சாப்பிடுவாள் என்பதால் யாருக்கும் முதலில் தெரியவில்லை. பள்ளியில் பிரேயரில் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு நோய் எதுவும் இல்லை, எடைதான் ரொம்பக் கம்மி என்றார். மாதம் ஒருமுறை வருகிற கவுன்சிலர், கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் கண்காணிப்பாளர் மேடம் கெட்டவர் இல்லை. பொறுப்பு அவருடையது, பயந்துவிட்டார். முழுநேரக் கவுன்சிலர் இருக்கிற ஒரு இல்லத்துக்கு, வேலூருக்கு, நந்தினியை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார். அங்கே பெரிய பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்பார்கள், தர்ஷினி இங்கேயே இருக்க வேண்டும். மாத முடிவில் கையெழுத்தாகிவிடும் என்கிற நிலைமை.

கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து மற்ற பிள்ளைகள் போன பிறகு நந்தினியை நிறுத்திக் கேட்டேன்.

“மத்தியானம் மட்டும் உனக்கு என்ன?”

“பசிக்கலக்கா.”

“வேலூருக்கு அனுப்பிடுவாங்க, தெரியும்ல? தர்ஷினி இங்க இருப்பா.”

கீபோர்டில் ஒரே எழுத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள், திரை முழுக்க அந்த எழுத்து ஓடியது.

“அந்த டிவிய நிறுத்திடறீங்களாக்கா?”

“ஏன்?”

“அதுல வர்ற அம்மா எல்லாரும் எனக்கு ஞாபகம் இருக்குது. நேத்து வந்தவங்க ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாங்க. அதுக்கு மொத நாள் வந்தவங்களுக்குக் கன்னத்துல மச்சம். கண்ண மூடி எங்கம்மாவ நெனச்சா அவங்கதான் வராங்க. எங்கம்மா வர மாட்டேங்குது.”

போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். நின்று எடுத்த போட்டோ எதுவுமே இல்லையாம். ஆதார் கார்டில் ஒன்று, அதிலும் முகம் கருப்பாகத்தான் இருக்குமாம், அதுவும் அப்பாவிடம். அப்பாவின் நம்பரைப் போட்டுப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை. ஊரில் இருக்கும் சித்தப்பா ஒருவரைப் பிடித்துக் கேட்டேன், அவரிடமும் இல்லை.

மேடத்திடம் போய், அமுதாவின் பெயரில் ஒரு நாள் சாப்பாடு நான் போடுகிறேன் என்றேன்.

“ஒருத்திக்குப் போட்டா, நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களும் எங்கம்மாவுக்குப் போடு, எங்கப்பாவுக்குப் போடுனு வந்து நிக்குமேம்மா, என்ன பண்ணுவ?”

“போடலாம் மேடம்.”

மேடம் காலண்டரை எடுத்துப் புரட்டினார். “செத்த தேதி தெரியுமா?”

“அவளுக்கே தெரியல.”

“தேதி தெரியாதவங்களுக்கு அமாவாசைதான். ஆடி அமாவாசைதான் முடிஞ்சு போச்சே, வர்ற அமாவாசைக்கு இன்னும் யாரும் புக் பண்ணல, வெச்சிக்கோ.”

சமையல் செய்கிற ஜெயாக்கா நந்தினியைக் கூப்பிட்டு உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். கேழ்வரகுக் களியும் மல்லாட்டைத் துவையலும் என்றாள். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம்.

“களியா? பாயாசத்துக்குப் பழகின வாய்ங்க, களிய உருட்டி என் தலை மேலயே போடுவாளுங்க” என்று சொன்ன ஜெயாக்காதான், நல்ல மாவாகப் பார்த்து வாங்கி வரக் கடைக்கு ஆள் அனுப்பியதும்.

டிவிக்கு நான்தான் தயார் செய்தேன். படம் வருகிற கட்டம் காலியாக இருந்தால் பார்க்கச் சங்கடமாக இருக்கும் என்று கட்டத்தையே எடுத்துவிட்டேன். விளக்குப் படம் போடட்டுமா என்று நந்தினியைக் கேட்டேன், வேண்டாம் என்றாள். வெளிர்மஞ்சள் பின்னணி, நடுவில் ‘அமுதா நினைவாக’, அவ்வளவுதான். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அதில் வேறு எதுவும் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அமாவாசை அன்று பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் டிவிக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு நின்று திரையைப் போட்டேன். பெயர் வந்தது, பார்த்தேன். மேடம் பெயரை வாசித்தார். வழக்கமாக அந்த நேரத்தில் கிசுகிசுப்பும் கிள்ளலும் இருக்கும், அன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. கண்ணை மூடச் சொன்னால் யாரும் மூடவில்லை, எல்லோரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நந்தினிக்காகப் பிள்ளைகள் அடங்கி இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேண்டுதல் முடிந்ததும் டிவியை அணைத்தேன். நந்தினி சாப்பிட்டாள். களியைப் பிட்டுத் துவையலில் தொட்டு, நிதானமாக, மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஜெயாக்கா கரண்டியோடு நின்றபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுவரை இதில் அதிசயம் எதுவும் இல்லை.

கை கழுவும் இடத்தில் ரேவதி வந்தாள். பிளஸ் டூ படிக்கிறவள், எதையும் சுலபத்தில் நம்பாத வாயாடி.

“போட்டோ எங்கக்கா கெடச்சுது? இல்லன்னுதானே நந்தினி சொல்லிட்டிருந்தா?”

“எந்த போட்டோ?”

“இப்ப டிவில போட்டீங்களே.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். என்ன போட்டோ, சொல் பார்ப்போம் என்றேன். ஒல்லியான பொம்பளை, தலையில் துண்டு கட்டியிருக்கிறாள், வெயிலுக்கு நெற்றியில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள், பின்னாடி மல்லாட்டை விளைந்த கொல்லை என்றாள்.

எனக்கு அப்போதும் பயமில்லை, எரிச்சல்தான். பிள்ளைகள் பேசி வைத்துக்கொண்டு சொல்லக் கூடாது என்று ஒவ்வொருத்தியாகக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூப்பிட்டேன், என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்டேன். துண்டு, கை, கொல்லை. சின்னவர்கள் சொல்லத் தெரியாமல் நெற்றியில் கை வைத்துக் காட்டினார்கள். மேடத்தைக் கேட்டேன், பெயர்தானே போட்டிருந்தாய் என்றார். ஜெயாக்கா வாளியைத் தூக்கிக்கொண்டிருந்ததால் டிவி பக்கமே பார்க்கவில்லை.

நந்தினி முன்பே மற்றவர்களிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம் என்று எழுதினேன். அவளுக்கே முகம் வரவில்லையே, அடித்தேன். டிவியில் பழைய படம் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று எழுதி, எங்களிடம் வந்த எல்லாப் படங்களையும் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்தது, கல்யாணத்தில் எடுத்தது, கொல்லையில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. ஒருத்தி சொன்னதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் மிஞ்சியது. அதைத்தான் நம்பவும் விரும்பினேன். ஆனால் அன்று காலையில்தான் ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள், தெலுங்கு தவிர ஒரு வார்த்தை தெரியாது, யாரோடும் பேசவும் இல்லை. ஜெயாக்காவுக்குத் தெலுங்கு வரும், கேட்கச் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்து, கண்ணைச் சுருக்கிக் காட்டினாள். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

நந்தினியிடம் சாயங்காலம் கேட்டேன். எதைப் பார்த்தாள் என்று அவள் சொல்லவில்லை. “ஞாபகம் வந்துடுச்சுக்கா” என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து மத்தியானமும் சாப்பிட்டாள். மாத முடிவில் எடை பார்த்தார்கள், ஏறியிருந்தது. வேலூர் பேச்சை மேடம் விட்டுவிட்டார். அக்காவும் தங்கையும் இன்றைக்கும் ஒரே பாயில்தான் படுக்கிறார்கள். மேடம் பயந்த மாதிரியே மற்ற பிள்ளைகளும் வந்து நின்றார்கள், இப்போது அமாவாசை எங்கள் பிள்ளைகள் வீட்டு ஆட்களுக்கு என்றே ஒதுக்கியிருக்கிறோம். அந்த நாளில் டிவியில் பெயர் மட்டும்தான் போடுகிறேன். அமுதாவுக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் நல்லதுதானே நடந்தது என்று விட்டிருப்பேன். போன வருடம் ரேவதி நர்சிங் படிக்கக் கிளம்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வரை போனபோது, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

“அன்னிக்கு நீங்க போட்டது போட்டோவா, வீடியோவாக்கா?”

“ஏன்?”

“கடைசில அந்தம்மா திரும்புச்சே. நீங்க டிவி பக்கத்துல நின்னுட்டிருந்தீங்கல்ல, உங்களத்தான் பாத்துச்சு. நீங்க கவனிக்கவே இல்ல, ரிமோட்டத் தட்டிட்டிருந்தீங்க.”

“எப்படிப் பாத்தாங்க?”

பெட்டியைக் கீழே வைத்தாள். “ஏதோ கேட்டுட்டு, பதிலுக்கு நிக்கற மாதிரி.”

ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள். என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிவதெல்லாம், பதிலுக்காக அவர் நின்றுகொண்டிருந்தபோது நான் டிவியை அணைத்தேன் என்பதுதான்.