கிணற்றுக்குள் இறக்கிய இன்ஜின்

கவுஸ் பாஷா திருவண்ணாமலையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் மெக்கானிக். செங்கம் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே, காட்டோரமாக ஒரு ஏக்கர் வாங்கி, ஒற்றை அறை ஓட்டு வீடு கட்டியிருந்தார். ஆதிமூலத்தின் கொல்லையைத் தவிர அங்கே அக்கம்பக்கம் கிடையாது. 1982 சித்திரையில் ஒரு சனிக்கிழமை, மனைவி நசீமாவையும் மகள் ரஹமத்தையும் மச்சினன் நசீர் அகமதுவையும் அங்கே அழைத்துப்போனார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கிணற்றில் டீசல் இன்ஜினை இறக்க வேண்டும்.

தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே போயிருந்தது. மேலே வைத்தால் இழுக்காது என்று, கிணற்றுக்குள்ளேயே ஒரு பாறைத் திட்டில் இன்ஜினை உட்காரவைத்தார்கள். சாயங்காலம் தண்ணீர் கொட்டியது. ரஹமத் வாய்க்காலில் புரண்டாள்.

"பொகை உள்ளயே நிக்குதுங்க" என்றாள் நசீமா.

"காத்து அடிச்சா போயிடும்."

ஞாயிறு காலை ஓர் இலை அசையவில்லை. கிணற்றுச் சுவர்ப் பொந்துகளில் இருந்த புறாக்களைக் காணவில்லை. இரண்டு மணி நேரம் ஓடிய இன்ஜின் தானாக நின்றது.

"நான் பாத்துட்டு வரேன் மச்சான்" என்று நசீர் படியில் இறங்கினான். ஒருமுறை இருமினான். ஸ்பேனர் சத்தம் இரண்டு தரம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது இன்ஜின்மேல் கவிழ்ந்து கிடந்தான்.

கவுஸ் பாஷா படியில் கால் வைத்தார். நசீமா அவர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கீழே கிடந்தது அவளுடைய ஒரே தம்பி.

"விடு நசீமா."

"நீங்களும் விழுந்துட்டா நான் யார வச்சித் தூக்குவேன்? ஆதிமூலத்தக் கூப்பிடுங்க."

அவர் போட்ட கூச்சலில் ஆதிமூலம் ஓடி வந்தார். புங்கங்கிளையை வெட்டிக் கயிற்றில் கட்டி, புகை கலைய மேலும் கீழும் வீசினார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அப்புறம்தான் கவுஸ் பாஷாவின் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார். "தல சுத்துனா கயித்த ஆட்டுங்க பாய்."

நசீரை மேலே கொண்டுவந்தபோது உடம்பில் சூடு இருந்தது. மாட்டுவண்டி ரோட்டைத் தொடுவதற்குள் அதுவும் போய்விட்டது.

வருஷக்கணக்கில் இருவரும் அதைப் பேசவில்லை. ஒருநாள் அவரே கேட்டார்.

"அன்னிக்கு உடனே என்ன விட்டிருந்தா, அவன் பொழச்சிருப்பானா?"

நசீமா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "ரெண்டு மையத்து எடுத்திருப்பேன்."

86-ல் அந்தப் பக்கம் கரண்ட் வந்தது. கவுஸ் பாஷா மோட்டார் போட்டார். நசீமாவும் போவாள், வருவாள், அங்கே சமைப்பாள். குடிக்க மட்டும் டவுனிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கூடவே எடுத்துப்போவாள்.